பஸ் தட்டியவனின் புத்தகம்

1

சென்னையிலிருந்து தெற்கே பஸ்ஸில் போனவர் யாராக இருந்தாலும் எங்கள் குடும்பத்தை ஒரு முறையாவது திட்டியிருப்பீர்கள். திண்டிவனம் தாண்டி விழுப்புரம் போகிற வழியில், நீங்கள் நன்றாகக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பஸ் இடதுபக்கம் ஒடித்து ஒரு மண் தரையில் நிற்கும். ஸ்பீக்கர் பாட்டு காதைக் கிழிக்கும். ஒரு பையன் பஸ்ஸின் தகரத்தில் படார் படார் என்று தட்டிக்கொண்டே, "வண்டி பத்து நிமிசம் நிக்கும், டீ காபி டிபன் சாப்புடறவங்க சாப்ட்டு வரலாம்" என்று கத்தியபடி முன்னாலிருந்து பின்னால் போவான். இறங்கினால் தோசை ரப்பர் மாதிரி இருக்கும். விலை விமான நிலையம் மாதிரி இருக்கும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மட்டும் பின்னால் தனி அறையில் கோழிக் குழம்பு ஓடிக்கொண்டிருக்கும், இலவசமாக.

அப்படிப்பட்ட மோட்டல்களில் ஒன்று என் அப்பாவுடையது. உங்களிடம் மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. அந்த ரப்பர் தோசையில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன். அந்தத் தோசையில்தான் ஜெர்மனிக்கு விமானம் ஏறினேன்.

இப்போது காசல் என்ற ஊரில் மூன்றாவது குளிர்காலம். காலையில் டிராம், பகலில் மென்பொருள் சோதனை, சாயங்காலம் வாரத்தில் இரண்டு நாள் ஜெர்மன் வகுப்பு. நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி வேண்டுமென்றால் மொழிச் சான்றிதழ் நல்லது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அங்கே என்ன சொன்னாலும் நான் முதலில் சந்தேகப்படுவேன், பிறகு செய்வேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. அதனால் இந்த நாட்டில் என்னை எல்லோரும் அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அதையும் ஒழுங்காகக் கூப்பிடுவதில்லை. ஏழுமலை என்பதை ஆங்கில எழுத்தில் பார்த்து "ஃபிராவ் எட்சுமலை" என்பார்கள், திருமதி ஏழுமலை என்று அர்த்தம். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெயர் கேட்டால், அப்பாதான் எழுந்து போக வேண்டும் என்று ஒரு நொடி தோன்றும்.

வகுப்பில் எல்லோரும் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார் டீச்சர் ஹைக்கே. எந்த மொழிப் புத்தகமாகவும் இருக்கலாம், பேச்சு மட்டும் ஜெர்மனில். எனக்கு உடனே கை தூக்கத் தோன்றியது. எங்கள் ஊர்க்காரன் ஒருவன் ராப் பாடிப் புகழ்பெற்று, இருபதுகளிலேயே வாழ்க்கைக் கதை எழுதிவிட்டான். மேடையில் அவன் பெயர் ஜல்தி. வேகமாகப் பாடுவான், அதனால் ஜல்தி. போனில் அந்தப் புத்தகம் இருந்தது, வாங்கி வைத்துப் படிக்காமல் இருந்தேன். என் ஊர், ஏறக்குறைய என் வயசு, என் மொழி. இதைவிட என்ன வேண்டும்?

2

டிராமில் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது அத்தியாயத்திலேயே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை மேல் படுத்துப் பசியோடு தூங்கினானாம். மல்லாட்டை மூட்டை மேல்! வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம், மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அந்த மூட்டையில் ஓட்டை போடாத விரல் உண்டா? அடுத்த பக்கத்தில், மண்டகப்பட்டு குகைக் கோயிலில் இரவு தங்கியபோது கல் சில்லென்று குளிர்ந்து எலும்பைத் துளைத்ததாம். எந்த மாதத்தில் என்று பார்த்தால், முழுப் பரீட்சை லீவில். எங்கள் பக்கம் மே மாதத்தில் கல் குளிருமா? ராத்திரிகூட அது அடுப்பு மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு பொய்யையும் கண்டுபிடிக்கும்போது எனக்கு ஒரு குஷி வந்தது. பக்கத்து வீட்டு ஆரணியிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிள்ளை இங்கேயே பிறந்தவள், ஒன்பதாம் வகுப்பு. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவளுடைய அம்மா அதற்காகத் தினமும் அழாத குறை. ராப் என்றால் மட்டும் எந்த மொழியானாலும் காதைத் தீட்டிக்கொள்வாள்.

"எல்லாரும் பொய்தான் சொல்லுவினம் அக்கா," என்றாள், அபூர்வமாகத் தமிழில். "எல்லா ராப்பருக்கும் ஒரு வில்லன் வேணும். இல்லாட்டி ஆர் வாசிக்கிறது?"

"இவன் புத்தகத்துல இன்னும் வில்லன் வரலையே."

"வருவான். பொறுங்கோ."

வந்தான், நான்காவது அத்தியாயத்தில்.

3

பைபாஸில் ஒரு மோட்டல். ஜல்திக்கு அங்கே பஸ் தட்டுகிற வேலை. தட்டித் தட்டித்தான் தாளம் பழகினேன் என்கிறான். முன் சக்கரத்துக்கு மேல் தகரம் ஒரு சத்தம் தருமாம், டீசல் டேங்க் பக்கம் வேறு சத்தமாம், பின்னால் ஏணிக்கு அருகில் ஓட்டையாக ஒரு சத்தமாம். அதை மட்டும் நான் நம்பினேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டலுக்குப் போகும்போது நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன், உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும்.

ஒரே வாசகத்தைக் கத்திக் கத்தி அலுத்துப்போய் ஒருநாள் அவன் மாற்றிக் கத்தினானாம்.

இட்லி வடை சூடா இருக்கு
இறங்கிப் பாரு கல்லா இருக்கு
கல்லாப் பெட்டி ஃபுல்லா இருக்கு
கண்டக்டருக்குக் கறி இருக்கு

பஸ் முழுக்கச் சிரித்ததாம். ஒருத்தரும் இறங்கவில்லையாம். முதலாளி சாம்பார் அண்டாவிலிருந்து கரண்டியை உருவிக்கொண்டு வந்து அவன் நெற்றியில் அடித்தாராம். புருவத்துக்கு மேல் கிழிந்து, சாம்பாரும் ரத்தமும் கண்ணில் இறங்கியதாம். சென்னைக்குத் திரும்பும் அதே பஸ்ஸில் யாரோ ஒரு அம்மா கையைப் பிடித்து ஏற்றிக்கொள்ள, அப்படியே போய்விட்டான். அதற்குப் பிறகு தெரு, ரயில் பெட்டி, கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பது, மேடை, புகழ் எல்லாம். அட்டைப் படத்தில் அந்தத் தழும்பைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

முதலாளிக்குப் பெயர் போடவில்லை. "தடி மீசை" என்று எழுதியிருக்கிறான். மாடியில் பையன்கள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி. வாசலில் குழந்தைகள் ஏறி உட்கார ஒரு ஃபைபர் குதிரை, முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும் வெள்ளைக் குதிரை.

டிராம் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது.

அப்பாவுக்கு மீசையே கிடையாது. ஆனால் நீலத் தொட்டி எங்களுடையது. வெள்ளைக் குதிரையும் எங்களுடையது.

4

"சாப்ட்டியா பாப்பா?" என்றார் அப்பா. எந்த நேரத்தில் போன் செய்தாலும் முதல் கேள்வி அதுதான்.

"சாப்ட்டேன்பா. ஜல்தினு ஒருத்தன் பாட்டு பாடறானே, தெரியுமா?"

"தெரியும், தெரியும். நம்ம பக்கத்துப் பையனாமே."

"நம்ம மோட்டல்ல வேலை செஞ்சானா?"

யாரையோ ஸ்பீக்கர் பாட்டைக் குறைக்கச் சொன்னார்.

"செஞ்சிருப்பான்."

"செஞ்சிருப்பான்னா? செஞ்சானா இல்லையா?"

"எத்தினியோ பசங்க வந்தானுங்க போனானுங்க. செஞ்சி பக்கம், மலையனூர் பக்கம்... யாரு எவன்னு இன்னாத்த கண்டது? பஸ்ஸு வருது பாப்பா, அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டார். பஸ் வருகிற சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்பா என்னை ஒரு அடி அடித்ததில்லை. கணக்கில் முப்பது மார்க் வாங்கிக்கொண்டு வந்த நாளிலும், "போய் மூஞ்சி கழுவினு வா, சாப்புடலாம்" என்றவர் அவர். அவர் போய்க் கரண்டியால் ஒரு பையனின் நெற்றியைப் பிளப்பாரா? அப்படியானால் ஏன் போனை வைத்தார்?

இரண்டு நாள் கழித்து அத்தை மகன் தினேஷ் ஒரு படம் அனுப்பினான். இப்போது கல்லாவில் உட்காருவது அவன்தான். மோட்டல் வாசலில் குதிரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ், அதில் ஜல்தியின் முகம். "ஜல்தி வேலை பார்த்த இடம் இதுவே. நல்வரவு." முன்னால் கல்லூரிப் பையன்கள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்.

தினேஷைக் கூப்பிட்டேன்.

"அறிவிருக்காடா உனக்கு? அந்தப் புத்தகத்துல இன்னா எழுதியிருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியுமே. அந்த நாலாவது சாப்டர் இன்ஸ்டால செம ஓட்டம். அத படிச்சிட்டுத்தான் வர்றானுங்க. 'அண்ணே, எந்தக் கரண்டிண்ணே?'ன்னு கேக்கறானுங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஒரு கரண்டியக் காட்னேன். இன்னா இப்போ? டீ நல்லா ஓடுது."

"டேய், அப்பாவ வில்லனா எழுதியிருக்கான்டா! அதுக்கு ஃப்ளெக்ஸ் வேறயா? தின்றது சோறுதானே?"

"ஏய், எம்மேல ஏன் பாயற? நான் வைக்கல. மாமாதான் வைக்கச் சொன்னாரு. அவரே ஸ்டுடியோவுக்குப் போய் படம் குடுத்து அடிச்சிக்கினு வந்தாரு. பேஜாரு பண்ணாத, கஸ்டமர் நிக்கறாங்க."

மாமா என்றால் என் அப்பா. ரப்பர் தோசைக்கு விமான நிலைய விலை வைத்தவர்தானே. தன் மேல் விழுந்த பழியையும் விற்றுக் காசாக்குகிறாரோ என்று அன்று நினைத்தேன். செய்யாத தப்பை வியாபாரத்துக்காக ஒத்துக்கொள்வது ஒரு அசிங்கம், செய்த தப்பை விற்பது அதைவிட அசிங்கம். இரண்டில் எது என்றுதான் தெரியவில்லை. என் பெயரும் எட்சுமலைதான் இல்லையா?

5

நான் சோதனைப் பொறியாளர். எதிலே ஓட்டை என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்த அத்தியாயத்தை வரிவரியாகப் பிரித்துப் போட்டேன்.

மீசை பொருந்தவில்லை. சரி, பையனுக்கு மறந்திருக்கலாம். நீலத் தொட்டி பைபாஸில் பாதிப் பேர் மாடியில் உண்டு. மிச்சம் இருப்பது குதிரை. அந்த மாதிரிக் குதிரை அந்த வழியில் எங்களிடம் மட்டும்தான். புதுச்சேரியில் ஒரு சினிமா செட்டு வேலை செய்பவரிடம் சொல்லிச் செய்தது. வந்த அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்தார் அப்பா. அன்றே நான் ஏறி உட்கார்ந்து எடுத்த போட்டோ பழைய மெயிலில் கிடைத்தது. கையில் இனிப்பு டப்பா. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று.

அங்கேதான் பிடித்தேன். நான் பத்தாவது முடித்த வருடம், ஜல்தி அவன் புத்தகப்படியே சென்னையில் ஒரு கல்லூரி விழாவில் முதல் மேடை ஏறிவிட்டான். பஸ் தட்டியது அதற்கும் நாலைந்து வருடம் முன்னால். அவன் அடி வாங்கினதாகச் சொல்லும் அன்று எங்கள் வாசலில் குதிரை இல்லை. வெறும் புளியமரம்தான் இருந்தது.

தனியாக உட்கார்ந்து கத்தினேன். சுவரைத் தட்டினார்கள்.

வகுப்பில் அன்று நான் பேசிய மாதிரி ஜெர்மன் அதற்கு முன்னாலும் பேசியதில்லை, இனியும் பேசுவேனா தெரியாது. முதலில் ஒரு தடுமாற்றம் நடந்தது. மோட்டல் என்றதும் அவர்களுக்குப் படுக்கை அறைகள் என்று எண்ணம். எதிரில் இருந்த சிரியாக்காரர் யூசுஃப், எத்தனை அறை என்று கேட்டார். அறையே கிடையாது, படுப்பது வேலைக்காரப் பையன்கள் மட்டும், அதுவும் மொட்டை மாடியில் என்றேன். ஹைக்கே முகத்தைச் சுருக்கினார். நான் வேகத்தில் இருந்தேன், நிற்கவில்லை.

மேசையைத் தட்டி அந்த நாலு வரியைப் பாடிக் காட்டினேன். சிரித்தார்கள். பிறகு அட்டைப் படம், தழும்பு, குதிரை. அதற்கடுத்து என் போட்டோ, இனிப்பு டப்பாவோடு. அவன் தேதியையும் என் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்த மனிதர் புகழுக்காக ஒரு வில்லனைச் செய்துகொண்டார், அதற்கு ஒரு குதிரையையும் திருடிக்கொண்டார் என்று முடித்தேன். கைதட்டல். "ஒரு துப்பறிவாளர் மாதிரி, ஃபிராவ் எட்சுமலை," என்றார் ஹைக்கே. அந்தப் பெயர் அன்றுதான் காதுக்கு இனிமையாக இருந்தது.

யூசுஃப் மட்டும் கை தூக்கினார். "அப்படியானால் அந்தப் பையனை யார் அடித்தது?"

"வேறு ஏதாவது மோட்டல்," என்றேன். மறுபடி சிரிப்பு.

6

மறுநாள் சனிக்கிழமை. விடுமுறை. அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். மோட்டலின் பின்பக்கம், டிரைவர்கள் சாப்பிடும் அறையில் உட்கார்ந்திருந்தார்.

"சாப்ட்டியா பாப்பா?"

"அப்பா, அது நம்ம மோட்டல் இல்ல! அந்த ஜல்தி எழுதினது. கண்டுபிடிச்சிட்டேன்!"

"எப்பிடி?"

"குதிரைப்பா! அவன் அடி வாங்கினப்போ நம்மகிட்ட குதிரையே இல்ல. எம் பத்தாவது ரிசல்ட் அன்னிக்குத்தான வந்துச்சு? நீங்க பூசணிக்கா ஒடச்சீங்களே. அவன் பொய் சொல்றான். நீங்க அவன அடிக்கல."

அப்பா சிரிப்பார் என்று பார்த்தேன். மேசையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் இழுத்துக்கொண்டிருந்தார்.

"குதிரை அப்புறந்தான் வந்துச்சு," என்றார். "அடி அதுக்கு முன்னாடியே இருந்துச்சுல்ல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் போனை மேசையில் சாய்த்து வைத்தேன்.

"அப்போ அவன நீங்க..."

"அவனான்னு தெரியல. அதுதாம்மா பேஜாரே. மூஞ்ச எத்தினியோ வாட்டி பாத்துட்டேன், ஞாபகம் வரல. ஆனா கரண்டி ஞாபகம் இருக்குது. ஒருத்தன் ரெண்டு பேரா இருந்தா இவன் இல்லன்னு சொல்லிடலாம். பஸ்ஸு மேல பஸ்ஸு வரும். ஒரு நாளு தட்டு ஒடையும், ஒரு நாளு எவனாச்சும் தூங்கிடுவான். கையில எது இருந்துச்சோ அது."

"நான் பாத்ததே இல்லையேப்பா."

"நீ ஞாயித்துக்கெழம வருவ. அன்னிக்கு ஒருத்தனையும் தொட மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பையன்கள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து வரவேற்பார்கள். என்னை அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் எதுக்குப்பா குதிரைய எழுதினான்?" வேறு என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டேன்.

"பின்னால பஸ்ஸுல போவும்போது பாத்திருப்பான். நம்ம எடமா இருந்தா, அந்தாண்ட போறப்ப திரும்பிப் பாக்காம இருப்பானா?"

"ஃப்ளெக்ஸு?"

"தினேஷக் கேட்டியாமே. வியாபாரத்துக்குன்னு அவன் நெனச்சிக்கினு இருக்கான். அவன் வரட்டும்னுதாம்மா வச்சேன். அந்தப் பாட்டுக்காரன். பக்கத்துல வந்து நின்னான்னா அவனுக்குத் தெரியும்ல, நாந்தானா இல்லையான்னு. அவன் சொல்லட்டும். நானா போயி எப்பிடிக் கேப்பேன்? ஏம்பா, உன்ன அடிச்சது நானான்னு?"

"வந்தானா?"

"அவன் எங்க வருவான்? அவன் பெரிய ஆளு."

சமையல் அறைப் பக்கம் யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். பெரிய சத்தம். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"வேற ரெண்டு பேரு வந்தானுங்க," என்றார். "ஒருத்தன் போன வாரம், ஒருத்தன் நேத்து. ஒருத்தன் லாரி ஓட்றானாம். இன்னொருத்தன் விழுப்புரத்துல ஏசி மெக்கானிக்கு. ஃப்ளெக்ஸப் பாத்துட்டு நிறுத்தியிருக்கானுங்க. உள்ள வந்து, 'மொதலாளி, நல்லாகீறீங்களா?'ன்னு கேட்டானுங்க."

"யாருப்பா? உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"பேரு வரலம்மா. அவனுங்க என் பேரு சொன்னானுங்க, எங்கப்பா பேரு சொன்னானுங்க, உன் பேரு கூட சொன்னானுங்க. பாப்பா எங்க இருக்குதுன்னு கேட்டானுங்க. ஜெர்மனியில இருக்குதுன்னு சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"சந்தோசம்னானுங்க."

நான்தான் கேட்டேன், "அடிச்சதப் பத்தி ஒண்ணும் பேசலையா?"

"பேசல. நானும் பேசல. இந்த ரூம்லதான் உக்கார வச்சேன், டிரைவருங்க சாப்புடற எடத்துல. எலை போட்டு நானே பரிமாறினேன். கோழிக் கொழம்புதான். மெக்கானிக்கு நல்லா சாப்ட்டான், ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினான்."

"லாரிக்காரர்?"

அப்பா தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்த விரலை எடுத்தார்.

"நான் கொழம்பு ஊத்தறதுக்குக் கரண்டிய எடுத்துக்கினு கிட்ட போனேன். அவன் தலைய இப்பிடிக் குனிஞ்சு கையால மறச்சிக்கினான். தெரியாமத்தான் பண்ணான். அப்புறம் அவனே சிரிச்சிட்டான். சாப்புடல."